சாயங்காலப் படகு வரும்வரை

எர்மீத்தாஸை மேல்தளத்தில் உட்கார வைத்தாயிற்று. ஒலீவாவைக் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தாயிற்று. படகு கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் எர்மீத்தாஸுக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது.

"கீழ கண்ணாடி போட்ட அறை இருக்கே. அங்க போய் உட்காரலாமே."

"கீழ டீசல் நாத்தம். உனக்கு வாந்தி வரும்" என்றாள் டெல்ஃபினா. தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினாள். அதுவும் போதவில்லை என்று எர்மீத்தாஸ் முகத்தைச் சுளித்ததும் கழுத்துத் துண்டையும் அவிழ்த்துக் கொடுத்தாள். செப்டம்பர் மாதத்துக் கடல்காற்று டெல்ஃபினாவின் மெல்லிய ரவிக்கைக்குள் புகுந்து முதுகுவழியே வெளியேறியது. போகட்டும். சீயெஸ் தீவு போய்ச் சேரும்வரை எப்படியாவது தாக்குப்பிடித்தால் போதும். அங்கே இறங்கிவிட்டால் சாயங்காலப் படகு வரும்வரை யாரும் எங்கேயும் ஓடமுடியாது. கடல்தான் நாலு பக்கமும்.

காங்காஸ் ஊரில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இந்த மூன்று பெண்களும் ஒரே மேசையில் நின்றவர்கள். தலையைக் கிள்ளி, குடலை உருவி, வாலை நறுக்கி, வரிசையாக அடுக்கியபடியே கல்யாணம், பிரசவம், மாமியார், மாரடைப்பு எல்லாவற்றையும் பேசித் தீர்த்தவர்கள். ஆலை மூடி ஓய்வூதியம் வந்த பிறகும் ஒன்றாகவே சந்தைக்குப் போனார்கள், ஒன்றாகவே திருப்பலிக்குப் போனார்கள். எல்லாம் ஒலீவாவின் மகள் கல்யாணம் வரைக்கும்தான்.

அந்தக் கல்யாணத்தில் எட்டுக்கால் பேய்க்கணவாய் அவித்தது ஒலீவாவின் சொந்தத் தம்பி. எர்மீத்தாஸ் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். பாதிரியார் வாழ்த்துரை முடித்து உட்காரும்வரை மென்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "இதைச் செருப்புக்கு அடி வச்சுத் தைக்கலாம்" என்றாள். ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் ஆலை இரைச்சலில் முப்பது வருஷம் பேசிப் பழகிய தொண்டை அது. கூடத்தின் மறுகோடியில் இருந்த ஒலீவாவுக்குக் கேட்டுவிட்டது. ஒலீவாவும் அதே ஆலையில் பழகிய தொண்டையில், "பொய்ப்பல் கட்டினவளுக்கு எதைக் கொடுத்தாலும் செருப்புதான்" என்றாள். எர்மீத்தாஸ் பல் கட்டியது அதுவரை ஒலீவா ஒருத்திக்குத்தான் தெரியும். புருஷனுக்குக்கூடத் தெரியாது.

அன்றோடு பேச்சு நின்றது. எட்டு வருஷம்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது டெல்ஃபினா. ஒருநாள் இவள் வீட்டுக்குப் போவாள், அடுத்த நாள் அவள் வீட்டுக்குப் போவாள். சேதி கொண்டுபோவாள். வழியில் அந்தச் சேதியைக் கொஞ்சம் கழுவித் துடைத்துத்தான் கொண்டுபோவாள். "இன்னும் சாகலையா அவ?" என்று ஒலீவா கேட்டது எர்மீத்தாஸ் வீட்டு வாசலை மிதிக்கும்போது "உன் உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சா" என்று ஆகியிருக்கும். கணவன் அமான்சியோ போன பிறகு டெல்ஃபினா வீட்டைவிட்டு வெளியே வந்ததே இந்த ஒரு வேலைக்காகத்தான் என்று சொல்லலாம்.

அவளுடைய ஒரே மகள் சுவிட்சர்லாந்தில் இருந்தாள். அம்மாவுக்கென்று தனி அறை ஒதுக்கி, அம்மாவுக்குப் பிடித்த மஞ்சள் நிறம் அடித்து, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். டெல்ஃபினா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வாள்: "இந்த ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுட்டு வந்துடறேன். நான் இப்படியே வந்துட்டா, இதுங்களுக்கு நடுவுல பேச யார் இருக்கா?" இதை மகளிடம் மட்டுமல்ல, ஒலீவாவிடமும் எர்மீத்தாஸிடமும், ரொட்டிக் கடையிலும், மருந்துக் கடையிலும் சொல்லியிருந்தாள். நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும், அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவேன் என்பாள். கேட்டதும் ஒலீவா ஜன்னலைப் பார்ப்பாள். எர்மீத்தாஸ் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் மகளின் குரலில் கெஞ்சல் போய்க் கோபம் வந்துவிட்டது. பேரன் பள்ளிக்கூடம் போகப்போகிறான், அவனைக் கூட்டிவர ஆள் வேண்டும், வருகிறாயா இல்லையா, ஒன்றைச் சொல் என்றாள். அப்போதுதான் டெல்ஃபினாவுக்குத் தீவு யோசனை வந்தது.

சீயெஸ் தீவுக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது. பேர் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். ஆகஸ்டில் நாயாய் அலைந்தாலும் கிடைக்காது. மருந்துக் கடைப் பெண்ணைப் பிடித்து அவளுடைய கணினியில் தேடவைத்து, செப்டம்பரில் ஒரு புதன்கிழமைக்கு நாலு அனுமதி வாங்கினாள். மூன்று பெண்களுக்கு மூன்று. நாலாவது செவரீனோவுக்கு.

செவரீனோ அதே ஆலையில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டியவன். கல்யாணம் செய்துகொள்ளாதவன். சாப்பாடு இருக்கும் இடத்துக்கு எந்தக் காரியமானாலும் வருவான். ஒலீவாவை அவன் அழைத்து வர வேண்டும், எர்மீத்தாஸை டெல்ஃபினா அழைத்து வருவாள், மதியம் மரநிழலில் இரண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட வேண்டும் என்பது திட்டம். செவரீனோ கேட்ட ஒரே கேள்வி, எம்பனாடா ரொட்டிக்குள் என்ன வைக்கப் போகிறாய் என்பதுதான். சூரை மீன் என்றாள். சரி என்றான்.

அந்தச் சூரை மீன் எம்பனாடாதான் முதலில் காலை வாரியது. அது டெல்ஃபினாவின் கூடையில் மேல்தளத்தில் இருந்தது. செவரீனோ கீழ்த்தளத்தில் இருந்தான். படகு துறையைவிட்டு நகர்ந்து சிறிது தூரம்கூடப் போகவில்லை, படிக்கட்டில் அவன் தலை தெரிந்தது.

"நீ எங்க இங்க?" என்றாள் எர்மீத்தாஸ்.

செவரீனோ திருதிருவென்று விழித்தான். அவன் வாயைத் திறந்தால் எதையாவது உளறுவான் என்று டெல்ஃபினா முந்திக்கொண்டாள். "அவனும் தீவுக்குத்தான் வர்றானாம். கூட ஒரு அம்மா வந்திருக்காங்க. புதுசாப் பழக்கமாம்."

எர்மீத்தாஸ் பென்ச்சிலிருந்து பாதி எழுந்தாள். எழுபது வயதில் செவரீனோவுக்கு ஒரு காதலியா, அதைப் பார்க்காமல் மேலே உட்கார்ந்து கடலையா பார்ப்பாள். அவங்க ரொம்பக் கூச்ச சுபாவம் என்றாள் டெல்ஃபினா. நான் கூச்சத்தைப் போக்கிவிடுகிறேன் என்றாள் எர்மீத்தாஸ். அவங்களுக்குப் படகில் தலைசுற்றுகிறதாம் என்றாள் டெல்ஃபினா. தலைசுற்றலுக்கு என்னிடம் மாத்திரை இருக்கிறது என்று எர்மீத்தாஸ் கைப்பையைத் திறந்தாள். கடைசியில் மாத்திரையைச் செவரீனோ கையில் கொடுத்து, எம்பனாடாவில் பெரிய துண்டாக இரண்டும் கொடுத்து, அவனைக் கீழே தள்ளிவிட வேண்டியதாயிற்று. அவன் போகும்போது, தனக்குக் கிடைத்த காதலியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே போனான்.

கீழே அவன் ஒலீவாவிடம் என்ன சொன்னான் என்பது தீவின் துறையில் இறங்கும்போதுதான் டெல்ஃபினாவுக்குத் தெரிந்தது. கூட்டத்தோடு கூட்டமாக அவள் காதருகே வந்து, "டெல்ஃபினா எங்கன்னு கேட்டுட்டே இருந்தா. நீ மேல ஒரு ஆளோட பேசிட்டிருக்கேன்னு சொல்லிட்டேன். மீசை வச்ச ஆள்னு சொன்னேன்" என்றான்.

"மீசை எதுக்குடா வச்சே?"

"சும்மா ஆள்னு சொன்னா நம்பமாட்டாளே."

துறையின் முனையில் தீவுக் காவலர் பெண் ஒருத்தி நின்று ஒவ்வொருவரின் அனுமதிச் சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரியா என்று சட்டையில் பேர் இருந்தது. வெயிலில் காய்ந்த முகம், பின்னலிட்ட முடி. டெல்ஃபினா எர்மீத்தாஸை வரிசையின் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். ஒலீவாவைக் கடைசியில் நிறுத்தச் சொல்லிச் செவரீனோவுக்குச் சைகை காட்டியிருந்தாள். எர்மீத்தாஸ் சீட்டை நீட்டினாள். இரியா அதைப் படித்தாள், எர்மீத்தாஸின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"ஒலீவா கமான்யோ?" என்றாள்.

டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும்போது மாற்றிக் கொடுத்துவிட்டாள். எர்மீத்தாஸிடம் ஒலீவாவின் சீட்டு. அப்படியானால் அங்கே ஒலீவாவிடம் எர்மீத்தாஸின் சீட்டு. எட்டு வருஷமாக அந்தப் பேரைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்ளும் எர்மீத்தாஸ் இப்போது என்ன செய்யப்போகிறாள்?

"ஆமாம்" என்றாள் எர்மீத்தாஸ். சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தாள்.

காவலர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். என்ன கேட்டாள் என்றே விளங்கவில்லை, காதில் காற்று அடைத்துக்கொண்டது என்றாள் எர்மீத்தாஸ் பிற்பாடு. கடவுள் இன்று நம் பக்கம் இருக்கிறார் என்று டெல்ஃபினா நினைத்துக்கொண்டாள். வரிசையின் கடைசியில் ஒலீவாவும் எர்மீத்தாஸாகவே உள்ளே வந்துவிட்டாள் என்று செவரீனோ சைகையில் சொன்னபோது, கடவுளுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

மதியம்வரை எர்மீத்தாஸைக் கலங்கரை விளக்கப் பாதையில் நடக்கவைத்துக் களைப்பாக்க வேண்டும், களைத்தவளுக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது என்பது டெல்ஃபினாவின் கணக்கு. பாதை மடங்கி மடங்கி மலைமேல் ஏறியது. இரண்டாவது மடிப்பிலேயே டெல்ஃபினாவுக்கு மூச்சு வாங்கியது. எர்மீத்தாஸோ ஆடுபோல ஏறினாள். "எப்படிடி உனக்கு மூச்சே வாங்கல?" என்று கேட்டால், வீட்டில் மாடிப்படி இருக்கிறதே என்றாள். கீழே இறங்கி வரும்போது எர்மீத்தாஸ் கன்னம் சிவந்து புதுசாக இருந்தாள். டெல்ஃபினா கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி வந்தாள்.

கடற்கரைக்கு மேலே பைன் மரங்களின் அடியில் செவரீனோ விரிப்பை விரித்து வைத்திருந்தான். ஒலீவா செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். டெல்ஃபினா எர்மீத்தாஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மரத்தைச் சுற்றி அழைத்து வந்து, விரிப்பின் ஓரத்தில் நிறுத்தினாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அலை ஒன்று வந்து திரும்பியது. செவரீனோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"டெல்ஃபினா" என்றாள் ஒலீவா, "அந்த மீசைக்காரர் எங்க?"

"டெல்ஃபினா" என்றாள் எர்மீத்தாஸ், "செவரீனோவோட காதலி இவதானா? பாவம், அவனுக்குக் கண்ணும் போயிடுச்சு."

பிறகு டெல்ஃபினா பேசினாள். இதற்காக வாரக்கணக்கில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த பேச்சு அது. நாம் ஒரே மேசையில் நின்றவர்கள், நமக்கு வயதாகிவிட்டது, யார் முந்திப் போவோம் யார் பிந்திப் போவோம் என்று தெரியாது, அமான்சியோ போன அன்றைக்குக்கூட நீங்கள் இருவரும் கோயிலில் ஆளுக்கு ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தீர்கள், எனக்கு எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியவில்லை. அதைச் சொன்னபோது மட்டும் அவள் குரல் உடைந்தது. ஒலீவா தலையைக் குனிந்துகொண்டாள். எர்மீத்தாஸ் கடலைப் பார்த்தாள். பலித்துவிட்டது என்றே டெல்ஃபினா நினைத்தாள். அந்த நேரம் பார்த்து, "அப்புறம் நானும் நிம்மதியா மகள்கிட்ட போய்ச் சேருவேன்" என்று முடித்தாள்.

ஒலீவா நிமிர்ந்தாள். "அவளைக் கிளம்பச் சொல்லு. என் விரிப்பை மிதிச்சுட்டு நிக்கறா."

"நான் ஏன் கிளம்பணும்? தீவை இவ தம்பியா அவிச்சு வச்சான்?" என்றாள் எர்மீத்தாஸ்.

படகு சாயங்காலம்தான் என்று டெல்ஃபினா நினைவூட்டினாள். அப்படியானால் நான் நீந்தியே போகிறேன் என்று ஒலீவா எழுந்து தண்ணீரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"தண்ணி பனிக்கட்டியா இருக்கும்னு சொல்லு அவகிட்ட" என்றாள் எர்மீத்தாஸ் அவசரமாக. "முட்டியில கத்தி வச்ச காலு. குளிர் ஏறினா ராத்திரி பூரா உயிர் போகும்."

டெல்ஃபினா திரும்பிப் பார்த்தாள். "அவளுக்கு ஆபரேஷன் ஆனது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்னே."

சொல்லியிருப்பாள். எதைச் சொன்னோம், எதை மறைத்தோம் என்று டெல்ஃபினாவுக்கே இப்போதெல்லாம் கணக்குத் தெரிவதில்லை. ஓடிப்போய் ஒலீவாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, விரிப்பின் ஒரு கோடியில் உட்கார வைத்தாள். எர்மீத்தாஸை மறுகோடியில். நடுவில் தான் உட்கார்ந்தாள்.

சாப்பாடு அப்படியே நடந்தது. உப்பு வேண்டுமென்று அவளிடம் சொல், உப்பு தீர்ந்துவிட்டதென்று இவளிடம் சொல். டெல்ஃபினா இடதும் வலதும் திரும்பித் திரும்பிச் சொன்னாள். மூவரும் பிறந்ததிலிருந்து பேசுவது ஒரே கலீசிய மொழி. அதில் ஒருத்தி பேசியதை இன்னொருத்திக்கு அதே மொழியில் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கழுத்து வலித்தது. செவரீனோ மல்லாந்து படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். தொப்பி அவ்வப்போது குலுங்கியது. குறட்டை என்று நினைத்தாள்.

ஒரு கடற்புறா மெதுவாக நடந்து வந்தது. அந்தத் தீவில் அவைதான் எசமானர்கள். எர்மீத்தாஸ் தன் பங்கு உருளைக்கிழங்கு முட்டை அடையை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில், பாதி வழியிலேயே அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. எர்மீத்தாஸ் வெறுங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒலீவா தன் அடையை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை டெல்ஃபினாவிடம் நீட்டினாள்.

"கொடு அவகிட்ட. இது மெல்லறதுக்குச் சுலபம்தான்னு சொல்லு."

எர்மீத்தாஸ் வாங்கித் தின்றாள். நன்றி சொல்லவில்லை. ஆனால் கீழே ஒரு துணுக்கு விழாமல் தின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நூல் இன்னும் அறாமல் இருக்கிறது என்று டெல்ஃபினாவுக்குத் தோன்றியது. அதைப் பிடித்து இழுத்துவிட்டால் போதும்.

அப்படித்தான் அவளுக்கு அந்தக் கெட்ட யோசனை வந்தது. சாப்பிட்ட குப்பையையெல்லாம் பையில் கட்டி (தீவில் குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டுவந்ததைக் கொண்டுபோக வேண்டும்), சும்மா இந்தப் பாறைவரை நடந்துவிட்டு வரலாம் என்று இருவரையும் கிளப்பினாள். ஒருத்தி முன்னே, ஒருத்தி பின்னே. பாறைப் பாதையில் ஒரு திருப்பத்தில், நல்ல மணலாகப் பார்த்து, "ஐயோ" என்று விழுந்தாள்.

கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இரண்டு பக்கமிருந்தும் காலடிகள் ஓடிவந்தன. இரண்டு தோளுக்கடியிலும் இரண்டு கைகள் நுழைந்தன. மீன் ஆலையில் பெட்டி தூக்கிய கைகள், இத்தனை வயதிலும் பலம் குறையவில்லை. அப்படியே தூக்கி நிறுத்தின. காலைக் கீழே வைக்காதே என்று இடது காதில் ஒரு குரல், மெதுவாகச் சாய்ந்துகொள் என்று வலது காதில் ஒரு குரல். இருவரின் வியர்வையும் இருவரின் சோப்பு வாசனையும் சேர்ந்து வந்தது. டெல்ஃபினாவுக்கு அந்த நேரத்தில் உண்மையிலேயே அழுகை வந்தது. கால் வலியால் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

தீவின் கூடார முகாம் அருகில் சின்ன டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டிருந்த ஆள் இவர்களைப் பார்த்து ஓடிவந்தான். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான். டெல்ஃபினா, தொட்ட இடமெல்லாம் வலிப்பதாகச் சொன்னாள். அவன் முகம் மாறியது. எலும்பு முறிந்திருக்கலாம், இந்த வயதில் விளையாட்டில்லை, ஹெலிகாப்டரைக் கூப்பிடுகிறேன் என்று இடுப்பிலிருந்து வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"ஹெலிகாப்டர் வேணாம்."

"பயப்படாதீங்கம்மா. கயித்துல கட்டி மேல தூக்கிடுவாங்க. ஒண்ணும் ஆகாது."

அவன் வயர்லெஸ்ஸில் பேச ஆரம்பித்துவிட்டான். டெல்ஃபினா எழுந்து நின்றாள். இரண்டு காலாலும் நின்றாள். நம்பமாட்டானோ என்று ஒருமுறை குதித்தும் காட்டினாள்.

டிராக்டர்காரன் வயர்லெஸ்ஸில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

எர்மீத்தாஸின் நெற்றியெல்லாம் வியர்வை. "பார்த்தியாடி ஒலீவா. கால் உடைஞ்சுடுச்சுன்னு நினைச்சு என் நெஞ்சே நின்னுபோச்சு. இவ நாடகம் போட்டிருக்கா."

"பார்த்தேன்டி. என் முட்டியோட இவளை இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கேன். இவளுக்கு மூளை இருக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் மூவருக்கும் அது உறைத்தது. டெல்ஃபினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசிட்டீங்க" என்றாள். "ரெண்டு பேரும் பேசிட்டீங்க."

ஒலீவாவும் எர்மீத்தாஸும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை டெல்ஃபினாவுக்கு எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. ஆலையில் வேலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருக்கும்போது மேற்பார்வையாளர் கதவைத் திறந்தால் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். எர்மீத்தாஸ் தொண்டையைக் கனைத்தாள். எதையோ தேடுவதுபோல் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்:

"செருப்புதான்."

"என்னது?" என்றாள் டெல்ஃபினா.

"அந்தப் பேய்க்கணவாய். அன்னிக்குச் சொன்னதைத்தான் இன்னிக்கும் சொல்றேன். செருப்புதான்."

ஒலீவா ஒரு பெருமூச்சு விட்டாள். பெரிய கண்டத்திலிருந்து தப்பியவள் விடுகிற மூச்சுபோல இருந்தது அது. "இதைக் கேட்கத்தான் இவளைத் தூக்கிட்டு வந்தேனா. பல் செட்டைத் தண்ணியில போட்டுட்டுப் படுக்கச் சொல்லு அவளை" என்றாள். ஒருத்தி கடற்கரைப் பக்கம் போனாள். ஒருத்தி துறைப் பக்கம் போனாள். டெல்ஃபினா, நன்றாக இருக்கிற இரண்டு காலோடும், நடுவில் நின்றாள்.

சாயங்காலப் படகில் ஒலீவா கீழே போய் உட்கார்ந்தாள், எர்மீத்தாஸ் மேலே. இந்தமுறை யாரும் உட்கார வைக்கவேண்டியிருக்கவில்லை. செவரீனோ மிச்சமிருந்த எம்பனாடாவோடு எங்கோ போய்விட்டான். டெல்ஃபினா படகின் பின்புறத்தில், கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து மகளைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

நடக்கவில்லை என்றாள். இந்த வருஷம் வரமுடியாது, பேரனுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள் என்றாள். மகள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அம்மா, அவர்கள் சண்டை என்றைக்கும் தீராது, உனக்குத் தெரியவில்லையா என்று மட்டும் கேட்டாள்.

"இன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசினாங்கடி. இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும்."

கைபேசியை வைத்த பிறகு, தன் மனதில் இருந்தது வருத்தம் இல்லை என்பதை டெல்ஃபினா கவனித்தாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை இப்போதுதான் விட்டதுபோல் இருந்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு குளிர்காலம் அவள் மகள் வீட்டில் இருந்து பார்த்திருக்கிறாள். எல்லாம் சுத்தம். படிக்கட்டில் யாரும் கத்துவதில்லை. ரொட்டிக் கடையில் விரலால் காட்டித்தான் ரொட்டி வாங்கினாள். நாள் முழுக்க அவளிடம் யாரும் எதையும் யாரிடமும் போய்ச் சொல்லச் சொல்லவில்லை. எதிரே காங்காஸின் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எந்த விளக்கு யார் வீட்டுச் சமையலறை என்று அவளால் இங்கிருந்தே சொல்ல முடியும். நாளை வியாழக்கிழமை, ஒலீவா வீட்டுக்குப் போக வேண்டும். இன்றைக்கு எர்மீத்தாஸ் பேசியதை எப்படிக் கழுவித் துடைத்துச் சொல்வது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வேலை முடிந்து ஊர் திரும்பும் காவலர் பெண் இரியா, பையைத் தோளிலிருந்து இறக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்று ஒரு அம்மா கால் உடைந்ததாகச் சொல்லிவிட்டு எழுந்து குதித்தாராம், டிராக்டர்காரர் சொல்லிச் சிரித்தார் என்றாள். அது நான்தான் என்றாள் டெல்ஃபினா.

இரியாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றாள் டெல்ஃபினா. நாள் முழுக்க இரண்டு பக்கமும் மற்றவர்கள் பேச்சையே சுமந்திருந்தவளுக்கு, தன் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் எல்லாமே வெளியே வந்துவிட்டது. மேலே உட்கார்ந்திருக்கிற அந்தச் சிவப்புத் தொப்பி அம்மா, கீழே கண்ணாடி ஓரம் இருக்கிற அந்த அம்மா, இரண்டு பேரும் என் தோழிகள் என்றாள். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் ஆரம்பித்து எட்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை என்றாள். அவர்களைச் சேர்த்து வைத்துவிட்டு சுவிட்சர்லாந்துக்கு மகளிடம் போய்விடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை, இன்றைக்குக்கூட இவ்வளவு பாடுபட்டும் முடியவில்லை என்றாள்.

இரியா அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்தாள். குனிந்து கண்ணாடி வழியே கீழ்த்தளத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பாதி திறந்தபடி டெல்ஃபினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, இவங்க ரெண்டு பேரும் நாலஞ்சு வருஷமா மாசாமாசம் இந்தத் தீவுக்கு ஒண்ணா வந்து, ஒரே துண்டுல படுத்துப் பேசிச் சிரிச்சுட்டு, 'நாம ராசியானது தெரிஞ்சா அவ சுவிட்சர்லாந்துக்குப் போயிடுவாளே, ஊருக்குள்ள போனதும் மறுபடி சண்டை போடணும்'னு சொல்லிட்டுப் படகு ஏறுவாங்களே, அந்தத் தோழி நீங்கதானாம்மா?"